பெரிய மீன் எங்கே போகிறது

2024 டிசம்பர் 11

மழை விட்டுவிட்டது. காஸ்ட் அக்கவுண்டிங் படிக்க உட்கார்ந்து, கெண்டை மீன் இனப்பெருக்கம் பற்றி மூன்று வீடியோ பார்த்து முடித்தேன். இரண்டு மடங்கு வேகத்தில். மூன்றாவதில் ஒரு இடம் வந்ததும் எழுந்து நின்று கை தட்டிவிட்டேன். அம்மா அடுப்படியிலிருந்து, "இன்னாடி, யாரு செஞ்சுரி?" என்றாள்.

கெண்டை தான்மா செஞ்சுரி! அதே தண்ணீர், அதே தவிடு, அதே புண்ணாக்கு. தாய் தகப்பனை மட்டும் யோசித்துப் பொறுக்கினால் போதும், அடுத்த தலைமுறை பெரிதாக வருகிறது. அதற்கடுத்தது இன்னும் பெரிதாக. இதைக் கேட்டுவிட்டு ஒருத்தி எப்படிச் சும்மா உட்கார்ந்திருக்க முடியும்?

2024 டிசம்பர் 15

செங்கல்பட்டு மார்க்கெட்டிலிருந்து செல்வராஜ் அண்ணன் எங்கள் குளத்துக்கு வந்தார். எங்கள் சாதாக் கெண்டையை வருஷா வருஷம் மொத்தமாக எடுப்பவர் அவர்தான். ஒரு மீனைப் பிடித்து வயிற்றைக் கீறிக் காட்டினார். உள்ளே சதையை விட முட்டை அதிகம்.

"பாய், மீனு கேட்டா முட்ட விக்கிறீங்களே. வளர வேண்டிய வயசுல எல்லாம் புள்ளத்தாச்சியா கீதே!"

அத்தா சிரித்தார். அவர் சிரித்திருக்கக் கூடாது.

ஏனென்றால் இது அத்தாவின் வித்து. சதுரங்கப்பட்டினம் பக்கம் மீன் வளர்க்கிற எல்லோரும் வெளியே குஞ்சு வாங்குகிறார்கள். 'ஜலாலுதீன் பாய் மட்டும் வாங்க மாட்டார், சொந்தக் குளத்திலேயே எடுப்பார்' என்று ஊரில் ஒரு பேர். அந்தப் பேருக்குள்தான் மீன் சிறுத்துக்கொண்டே போகிறது. கால் கிலோவிலேயே முட்டை கட்டிவிடுகிறது. தின்றதெல்லாம் முட்டைக்குப் போனால் உடம்பு எப்படி வளரும்?

2024 டிசம்பர் 16

கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடித்துவிட்டேன்.

எங்கள் குளத்தில் பெரிய மீன் எங்கே போகிறது?

முதல் வலையில் வருகிற ஆகப் பெரியது அக்கா மாமியார் வீட்டுக்கு. சம்பந்தி மரியாதை. அக்கா கல்யாணம் ஆன வருஷத்திலிருந்து இதுதான் வழக்கம். அதற்கு முன்னால் அத்தை வீட்டுக்குப் போனது. அடுத்த பெரியதெல்லாம் செல்வராஜ் அண்ணன் வண்டிக்கு. யாருக்கும் வேண்டாம் என்று மிச்சம் நிற்கிற பொடிசுகள்தான் குளத்திலேயே தங்குகின்றன. ஜனவரி, பிப்ரவரியில் முட்டை போடுவது அவைதான்.

அப்படியென்றால் நாங்களும் தேர்ந்தெடுத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறோம்! தலைகீழாக. சின்னதாக நிற்பதற்கும், சீக்கிரம் முட்டை கட்டுவதற்கும் வருஷா வருஷம் பரிசு கொடுத்திருக்கிறோம். போதாததற்கு அண்ணன் தங்கைக்குள்ளேயே சம்பந்தம்.

யாரிடமாவது உடனே சொல்லியாக வேண்டும்.

2024 டிசம்பர் 17

அத்தாவிடம் சொன்னேன்.

"அப்ப இன்னா சொல்ற? பெரிய மீன குளத்துல வுட்டுட்டு சம்பந்தி வூட்டுக்கு சுண்டு மீன அனுப்பறதா?"

"கடல் மீன் வாங்கி அனுப்பலாமேத்தா. கரைக்குப் போனா வஞ்சரம் கெடைக்குது."

"நமக்குக் குளம் இருக்க, காசு குடுத்து வாங்கி அனுப்புனா கேவலம் புள்ள. நீ பரிட்சைக்குப் படி."

படிக்க மாட்டேன். படிப்பேன், பாஸும் ஆவேன், ஆனால் இதை விட மாட்டேன்.

2025 ஜனவரி 5

மீன் வளர்க்கிறவர்களின் ஃபேஸ்புக் குரூப்பில், பெரிய மீனையே தாயாக நிறுத்துகிற என் திட்டத்தைப் போட்டேன். ஒருவன் கீழே எழுதுகிறான்: 'பி.காம். பாப்பா, மரபணுவை விட்டுட்டு டெபிட் கிரெடிட் பாரு.' இன்னொருவன், 'பர்தா போட்ட விஞ்ஞானி'. அதற்கு முப்பது சிரிப்புப் பொம்மை.

பதில் போட்டேன்: 'பி.காம். தான். பர்தா தான். உன் குளத்து மீன் எடை போடு, என் குளத்து மீன் எடை போடுறேன். அக்டோபர்ல பேசலாம்.' அழிக்கலாமா என்று இரண்டு முறை திறந்து பார்த்தேன். அழிக்கவில்லை.

உருப்படியாகப் பேசியவன் இனியன் ஒருத்தன்தான். கூடுவாஞ்சேரிக்காரன். ஐ.டி. வேலை. மொட்டை மாடியில் தொட்டி கட்டி அமூர் கெண்டை வளர்க்கிறான். அமூர் என்பது சாதாக் கெண்டையிலேயே வேறொரு வகை. இது மெதுவாகத்தான் முட்டை கட்டும், அதனால் உடம்பு ஏறும்.

போன் பண்ணினான். "ஆணு ரெண்டு தரேன் ஜன்னா. வெவ்வேற எடத்துல வாங்குனது, அண்ணன் தம்பி கெடயாது. பொண்ணு உங்க வூட்டு சைடு."

"கல்யாண புரோக்கர் மாதிரியே பேசுறே."

"ஜாதகம்லாம் பாத்தாச்சு. பத்துப் பொருத்தமும் கீது."

2025 ஜனவரி 19

வலை போட்டோம். வழக்கம்போலக் கூலிக்கு வலை இழுக்கிற வேண்டா அக்காவும் அவள் ஆட்களும் வந்தார்கள். இரண்டாவது இழுப்பில் வேண்டா அக்கா கத்தினாள்: "யம்மா! இது கெண்டையா கன்னுக்குட்டியா?"

ஒன்றேமுக்கால் கிலோ. கூடப் பிறந்ததெல்லாம் அரைக் கிலோவில் நிற்க, இது மட்டும் இப்படி. பெண். கைக்குள் அடங்காமல் துள்ளி என் முகத்தில் வாலால் ஒரு அறை விட்டது. வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக அறை வாங்கியதே இல்லை.

அத்தாவைக் கெஞ்சினேன். "இத மட்டும் குளத்துலயே நிறுத்துங்கத்தா. இதுதான் தாய்."

"சரி சரி" என்றார். கரையோரம் வலைக்கூண்டில் விட்டேன். தனிக் கூண்டில் நடுத்தரமாக இன்னொரு பெண்ணையும் விட்டேன். ஒன்று போனால் ஒன்று.

நாளைக்கு செங்கல்பட்டில் கடைசிப் பரீட்சை.

2025 ஜனவரி 20

பரீட்சை முடிந்து வெளியே வந்து அம்மாவுக்குப் போன் பண்ணினேன். "மீன் எப்படிம்மா கீது?" அம்மா முதலில் பரீட்சையைப் பற்றிக் கேட்டாள். அப்புறம் சொன்னாள். காலையில் அக்கா வீட்டுக்காரர் முபஷ்ஷிர் மச்சான் ஏதோ வேலையாக வந்தாராம். அத்தா அந்த மீனை ஈரச்சாக்கில் சுற்றி அவர் பைக்கில் வைத்துக் கொடுத்துவிட்டாராம்.

சரி சரி என்றாரே. சரி சரின்னா அத்தா அகராதில இன்னாதான் அர்த்தம்?

அக்கா வீடு செங்கல்பட்டில்தான், காலேஜிலிருந்து இரண்டு பஸ் ஸ்டாப். ஓடினேன். கெண்டை சாகாது, ஈரச்சாக்கில் பல மணி நேரம் மூச்சு வைத்திருக்கும். அரிவாள்மனைதான் பயம்.

வீட்டுக்குள் யாரும் இல்லை. பின்பக்கம் பேச்சுச் சத்தம். போனேன். கழுவுகிற இடத்தில் நீல டிரம்மில் மீன், உயிரோடு. பக்கத்தில் அக்கா மாமியார் ஜெய்புன்னிசா மாமி. பின்வாசல் படியில் அலுமினியச் சட்டியோடு எதிர்வீட்டு சகுந்தலா அம்மா.

சகுந்தலா அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள்: "இந்த வருஷம் போன வருஷத்த வுட பெருசாக் கீதே! நீங்க ஒரு துண்டாவது எடுத்துக்கலாம்ல."

மாமி சொன்னாள்: "எங்க வூட்டுல யாரு கெண்டை துன்றா? ஒரே முள்ளு. நீ எடுத்துகினு போ."

அப்புறம்தான் என்னைப் பார்த்தார்கள்.

எத்தனை வருஷம்? எங்கள் குளத்தின் ஆகப் பெரிய மீன், ஒவ்வொரு வருஷமும், இந்தச் சட்டிக்கா வந்துகொண்டிருந்தது?

மாமியின் முகம் வெளிறியது. ஆனால் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. "இன்னா ஜன்னா, சொல்லாம கொள்ளாம?"

"மீனை எடுத்துகினு போக வந்தேன் மாமி."

"எடுத்துகினு போவவா? மரியாதைக்கு அனுப்புன மீன திருப்பிக் கேக்குற சம்பந்தி வூட்ட இப்பத்தான் பாக்குறேன். நாலு பேரு கேட்டா இன்னா சொல்லுவாங்க?"

"ஜலாலுதீன் பாய் பொண்ணு திமிர் புடிச்சதுன்னு சொல்லுவாங்க. சொல்லட்டும்."

"வாயப் பாரு! அந்த மீனுல அப்படி இன்னாடி கீது?"

"முட்டை கீது மாமி."

"எல்லாப் பொட்ட மீனுலயும்தான் முட்டை கீது!"

சகுந்தலா அம்மா சிரித்துவிட்டாள். நான் டிரம்முக்குள் கை விட்டேன்.

சத்தம் கேட்டு மாடியிலிருந்து இறங்கிய அக்கா வாசல் வரைக்கும் வந்தாள். சாக்கின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "அத்தாகிட்ட சொல்லாத. அவங்க துன்றதில்லன்னு தெரிஞ்சா அத்தா ஒடஞ்சிடுவாரு. இங்க மாமியும் என்னத்தான் புடிச்சிக்குவாங்க, தங்கச்சிய வுட்டு வேவு பாத்தியான்னு. நான்தான் இந்த வூட்டுல இருக்கணும் ஜன்னா. நீ இல்ல."

சொல்ல மாட்டேன் என்று சத்தியம் பண்ணினேன். அப்புறம்தான் விட்டாள். அப்போதும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

பஸ்ஸில் கண்டக்டர், "இன்னா பாப்பா, மூட்டை அசையுது?" என்றார்.

"சொந்தக்காரங்க" என்றேன்.

2025 ஜனவரி 21

மாமி போன் பண்ணிவிட்டாள். அத்தா என்னோடு பேசவில்லை. அம்மா வழியாகத்தான் பேசுகிறார், நான் எதிரிலேயே நிற்க. "உன் பொண்ணு என் தலைய அறுத்துட்டா. சம்பந்தி மொகத்துல எப்படி முழிப்பேன்னு கேளு."

ஒரே ஒரு வரி சொன்னால் போதும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. 'அவங்க அத துன்றதே இல்லத்தா.' சொல்லவில்லை. திமிர் பிடித்தவளாகவே நிற்கிறேன். நிற்க முடிகிறது. மீன் கூண்டில் நீந்துகிறது.

ஆனா ஒண்ணு. கேக்கணும்னு கூட யாருக்கும் தோணல. ஏன் ஓடுன, எதுக்கு ஓடுனன்னு ஒரு வார்த்தை. போங்கடா.

2025 பிப்ரவரி 9

இனியன் இரண்டு அமூர் ஆண்களையும் ஆக்சிஜன் பையில் போட்டு பஸ்ஸிலேயே கொண்டுவந்தான். அத்தா அவனுக்கு டீ கொடுத்தார். எனக்குக் கொடுக்கவில்லை.

குளத்துக்குள் கம்பு நட்டு மூன்று துணி வலைத்தொட்டில் கட்டினேன். முதலாவதில் பெரிய தாயும் ஓர் அமூரும். இரண்டாவதில் நடுத்தரத் தாயும் இன்னொரு அமூரும். மூன்றாவதில் எங்கள் மிச்ச மீன்களே ஒரு ஜோடி, எப்போதும்போல. முட்டை ஒட்டிக்கொள்ள மூன்றிலும் வேலம்பாசி.

மூன்றாவது எதற்கு என்று வேண்டா அக்கா கேட்டாள். "தோக்கறதுக்கு" என்றேன். ஒப்பிட ஒன்று வேண்டுமே. தனியாக ஓடி முதலாவதாக வந்தால் அது ஜெயிப்பா?

2025 பிப்ரவரி 10

மூன்றிலும் முட்டை! பாசி முழுக்க மஞ்சள் மணி. ஒரே நாளில் போட்டதால் வயசு வித்தியாசம் என்று எவனும் நாளைக்கு வாய் திறக்க முடியாது. வா, எவன் வரான் பாக்கலாம்.

2025 மார்ச் 14

நோன்பு. வெயில். மூன்று தொட்டிலுக்கும் ஒரே எண்ணிக்கைக் குஞ்சு, ஒரே அளவு தீனி, என் கையால். குனிந்து நிமிர்ந்தால் கண் இருட்டுகிறது. அத்தா தூரத்தில் மோட்டார் ரூம் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் போன பிறகு நிழலுக்கு யாரோ தென்னங்கீற்று போட்டிருக்கிறார்கள். யார் என்று வேண்டா அக்காவைக் கேட்டேன். "எனக்குத் தெரியாதும்மா, உங்க வூட்டு சண்டையில என்ன இழுக்காத" என்றாள்.

2025 மார்ச் 31

பெருநாள். அக்கா வந்தாள். எல்லோருக்கும் கை கொடுத்து முஸாஃபா. எனக்கும், விரல் நுனியால். மாமி வரவில்லை. அத்தா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிரியாணி நன்றாக இருந்தது என்று எழுத ஆசை. எனக்கு ருசி தெரியவில்லை.

2025 ஏப்ரல் 13

குஞ்சுகள் விரல் நீளம். இனி மூன்று கூட்டத்தையும் ஒரே குளத்தில் விட வேண்டும். தனித்தனிக் குளத்தில் விட்டால் ஜெயித்தது மீனா குளமா என்று எப்படித் தெரியும்? கலந்துவிட்டால் அடையாளம் வேண்டும். பெரிய தாயின் பிள்ளைகளுக்கு இடது வயிற்றுத் துடுப்பில் ஒரு வெட்டு. நடுத்தரத் தாயின் பிள்ளைகளுக்கு வலது பக்கம். எங்கள் பழைய வித்துக்கு வெட்டு இல்லை.

காலையில் ஆளுக்கொரு நகவெட்டியோடு ஆரம்பித்தோம். நான், இனியன், வேண்டா அக்கா. மதியத்துக்கு மேல் நான்காவதாக ஒரு நகவெட்டி வந்து உட்கார்ந்தது. அத்தா. ஒரு மீனை எடுத்து அம்மா பக்கம் திரும்புவது போலத் திரும்பினார், அங்கே அம்மா இல்லை. வேறு வழியில்லாமல் என்னைக் கேட்டார்:

"எடதா, வலதா?"

"எடதுத்தா."

மூன்று மாதத்துக்கு அப்புறம் எங்கள் முதல் பேச்சு.

2025 ஜூலை 20

மாதிரி வலை போட்டு எடை பார்த்தோம். வெட்டுள்ள இரண்டு கூட்டமும் வெட்டில்லாததைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கின்றன. கண்ணாலேயே தெரிகிறது. வயிற்றை லேசாக அழுத்தினால் பழைய வித்து ஆண்களில் பாதிக்கு மேல் விந்து வருகிறது. அமூர் கலப்பில் அரிது. இன்னும் வளர நினைக்கிற வயிறு!

கரையிலேயே ஆடினேன். வேண்டா அக்காவும் ஆடினாள், எதற்கு என்று தெரியாமலே.

2025 ஜூலை 21

ராத்திரி கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். இன்று மறுபடியும். மாறவில்லை.

இடதும் வலதும் ஒன்றுதான். பெரிய தாயின் பிள்ளைகளும் நடுத்தரத் தாயின் பிள்ளைகளும் சராசரியில் சமம். வித்தியாசம் முழுக்க அமூர் தகப்பன்களால் வந்தது. அந்தத் தாய் பெரிதானது அவள் ரத்தத்தால் இல்லை. ஒருவேளை முதலில் பொரித்திருக்கலாம். தீனி விழுகிற மூலையைப் பிடித்திருக்கலாம். பெரிய மீன் எல்லாம் பெரிய வித்து இல்லை.

அப்போ நான் எதுக்கு ஓடுனேன்? மாமி மூஞ்சிக்கு நேரா எதுக்கு நின்னேன்? அக்கா ஆறு மாசமா பேசல. எந்த மீனுக்கு? எந்த மீனா இருந்தாலும் ஆயிருக்கும்.

2025 ஜூலை 24

இனியன் சொல்கிறான்: "பெரிய தாய் மேட்டர போஸ்ட்ல போடாத. கலப்பு ஜெயிச்சதுன்னு மட்டும் போடு. கெத்தா இருக்கும்."

போட்டேன். எல்லாவற்றையும். இடது, வலது, வெட்டில்லாதது, மூன்று சராசரியும். 'நான் நம்பிய தாய் விசேஷம் இல்லை' என்று முதல் வரியிலேயே. அந்த 'பி.காம். பாப்பா' ஆள் வந்துவிட்டான்: 'அப்போ உன் சண்டை வேஸ்ட்.'

பதில்: 'அந்த மீனைப் பற்றி நான் நினைத்தது தப்பு. அதைத் தெரிந்துகொள்ளவும் எனக்கு அந்த மீன் தேவைப்பட்டது. நீ இன்னும் எடை போடவில்லை.'

எங்கோ ஒரு ஊரில் மீன் வளர்க்கிறவர், யாரென்றே தெரியாது, துடுப்பை எதை வைத்து வெட்டினீர்கள் என்று கேட்டிருக்கிறார். அதற்குத்தான் ஒரு பக்கம் பதில் எழுதினேன்.

2025 ஆகஸ்ட் 30

அக்காவிடமிருந்து போன். எடுத்ததும், "மீன் எப்படி கீது?"

உண்மையைச் சொன்னேன். நான் தூக்கிக்கொண்டு ஓடியது சாதாரண மீன் என்று.

போனில் விசும்பல் மாதிரி ஒரு சத்தம். அழுகிறாளோ என்று பயந்தேன். சிரிக்கிறாள். மூச்சு வாங்கச் சிரிக்கிறாள். "அடிப்பாவி. அதுக்கா நான் ஏழு மாசமா மாமிகிட்ட திட்டு வாங்குனேன்?"

"மன்னிச்சிடுக்கா."

"அத வுடு. நீ அத்தாகிட்ட வாயத் தொறக்கலன்னு அம்மா சொன்னா. நெசமாவா?"

"சத்தியம் பண்ணேன்ல."

"ம்" என்றாள். அப்புறம் வேறு பேச்சு.

2025 அக்டோபர் 12

மழைக்கு முன்னால் அறுவடை. வலை இழுக்கும்போதே வேண்டா அக்கா, "கனம்டி யம்மா, தோள் போச்சு" என்று திட்டிக்கொண்டே வந்தாள். பழைய வித்து அரைக் கிலோ பக்கம். கலப்பு முக்கால் கிலோவை ஒட்டி. செல்வராஜ் அண்ணன் ஒன்றைக் கீறிப் பார்த்தார். உள்ளே சதை. கிண்டல் பண்ண எதையோ தேடி, கிடைக்காமல், "பாய், அடுத்த வாட்டியும் இதானே?" என்றார்.

முபஷ்ஷிர் மச்சான் பைக்கோடு வந்து நின்றார். நான் மீன் கூடைக்கு முன்னால் போய் நின்றேன். அத்தா மோட்டார் ரூமிலிருந்து ஒரு ஐஸ் பெட்டியைத் தூக்கி வந்து பைக்கில் கட்டினார். இரண்டு வஞ்சரம். விடிவதற்கு முன்னால் கரைக்குப் போய் ஏலத்தில் நின்று வாங்கியிருக்கிறார்.

"கெண்டை இல்லியா மாமா?" என்றார் மச்சான்.

"அது முள்ளு மீனு. உங்கம்மாவுக்கு எதுக்கு? வருசம் பூரா முள்ளு எடுத்துகினு கெடக்கவா?" கயிற்றை இறுக்கினார். என் பக்கம் திரும்பவே இல்லை. மச்சான் தலையைக் குனிந்துகொண்டு வண்டியைக் கிளப்பினார்.

அக்காதான் சொல்லியிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை.

அப்புறம் அத்தா கூடையிலிருந்து ஆகப் பெரிய மூன்றை எடுத்துத் தனியாக வைத்தார், அடுத்த வருஷத் தாய் தகப்பனாகக் குளத்தில் நிறுத்த. முகத்தில் ஒரு பெருமை. நான் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தேன். மூன்றும் இடது வெட்டு. இரண்டைத் தூக்கி செல்வராஜ் அண்ணன் கூடையில் போட்டேன்.

"ஏய்! இதுக்குத்தானே அன்னிக்கு அந்தக் குதி குதிச்ச?"

"மூணும் ஒரே தாய் தகப்பனுக்குப் பொறந்ததுத்தா. திரும்ப அண்ணன் தங்கச்சியவே ஜோடி சேக்கணுமா? வலது வெட்டுல நல்லதா எடுங்க. பத்தலன்னா அடுத்த அமூரு வேற எடத்துலேந்து கொண்டாருவோம்."

கூடைக்குள் போன இரண்டையும் ஏக்கமாகப் பார்த்தார். அப்புறம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வலைக்குள் இறங்கி, ஒவ்வொரு மீனாகப் பிடித்து, வயிற்றைத் திருப்பி, என் பக்கம் நீட்டினார்.

"இது?"

"வேணாம்."

"இது?"

"சின்னதுத்தா."

"இதுடி?"

"அது. அத வுடுங்க குளத்துல."